‘ஷார்ட்ஃபால்’ என்ற சொல்லை வாக்கியத்தில் அமைப்பது எப்படி?

கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கணக்குப் பிரிவில் நான் பணியாற்றியபோது, ஒரு மாத இறுதியில் ரொக்கத்தை எண்ணிப் பார்த்ததில், ஏட்டில் இருந்த தொகையைவிட 4,300 ரூபாய் குறைந்திருந்தது. அதை மேலிடத்துக்குத் தெரிவிக்க, ‘தேர் இஸ் எ ஷார்ட்ஃபால் இன் 4,300 ருபீஸ்’ என்று எழுதி அனுப்பினேன். ‘அந்த 4,300 ரூபாயில் எவ்வளவு குறைகிறது?’ என்று தணிக்கையாளர் திருப்பிக் கேட்டார். அவர் கேட்டது முறைதான். நான் எழுதிய வாக்கியத்துக்கு அதுவே பொருள். ஒரு சிறு சொல்லைத் தவறாக இட்டதால், குறைந்த தொகை மொத்தத் தொகையாக மாறியிருந்தது. அதன் பிறகு இச்சொல்லைப் பிழையின்றி எழுத நான் பழகிக்கொண்ட முறையை இங்கே படிப்படியாகத் தருகிறேன். எளிய ஆங்கில வாக்கியத்தை அமைக்கத் தெரிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் படி: தமிழில் எந்தச் சொல் வருகிறது என்று பாருங்கள்

ஆங்கிலத்துக்குப் போகும் முன், சொல்ல வந்ததைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ‘துண்டு விழுகிறது’ என்று வாயில் வந்தால் உங்களுக்கு வேண்டிய சொல் ஷார்ட்ஃபால். ‘தட்டுப்பாடு’ என்று வந்தால் ஷார்ட்டேஜ். வரவையும் செலவையும் கழித்துப் பார்க்கும் கணக்கில் ‘பற்றாக்குறை’ என்று வந்தால் டெஃபிசிட். அரசின் மொத்தச் செலவு, கடன் நீங்கலான வரவை மிஞ்சும் தொகையை நிதிப் பற்றாக்குறை என்கிறோமே, அதுதான் ஃபிஸ்கல் டெஃபிசிட். அனுபவம் இல்லை, அக்கறை இல்லை என்று அளவிட முடியாத ஒன்றைச் சொல்வதற்கு லேக் போதும்.

மொழிபெயர்ப்புச் செயலியை இந்தப் படியில் பயன்படுத்த வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. முதலில் சொன்ன மூன்று ஆங்கிலச் சொற்களுக்கும் அது பெரும்பாலும் ‘பற்றாக்குறை’ என்ற ஒரே விடையைத் தந்து, நமக்கு வேண்டிய வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. மொழி கற்பவர்களுக்கென்றே தொகுக்கப்பட்ட ஆங்கிலம்–ஆங்கிலம் அகராதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். சொல்லுக்குப் பின்னால் இன், ஆஃப் போன்ற எந்த முன்னிடைச்சொல் வரும் என்பதை எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு காட்டும் அகராதியே இந்த வேலைக்கு உதவும்.

இரண்டாம் படி: எதிர்பார்த்த அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்

இவ்வளவு வர வேண்டும் என்ற ஓர் அளவு முன்கூட்டியே இல்லாவிட்டால், துண்டு விழுவதற்கு இடமே இல்லை. 2019 கோடையில் சென்னைக்கு நாளொன்றுக்கு 830 மில்லியன் லிட்டர் குடிநீர் தேவைப்பட்ட இடத்தில் 525 மில்லியன் லிட்டர்தான் வழங்கப்பட்டது. குடங்களோடு மக்கள் லாரிக்குக் காத்திருந்த அந்த நிலை ஷார்ட்டேஜ். 830-இலிருந்து 525-ஐக் கழித்தால் கிடைக்கும் 305 மில்லியன் லிட்டர் ஷார்ட்ஃபால். முன்னது ஒரு நிலைமையையும் பின்னது ஒரு கழித்தல் கணக்கின் விடையையும் குறிக்கின்றன.

ஜி.எஸ்.டி. எனப்படும் சரக்கு, சேவை வரி வந்தபோது மாநிலங்களுக்கு மத்திய அரசு தந்த இழப்பீட்டிலும் இதையே காணலாம். மாநிலங்களின் வரி வருவாய் 2015-16-ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்டு ஆண்டுக்கு 14 விழுக்காடு வளரும் என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் ஓர் அளவை வகுத்தது. வருவாய் அதைவிடக் குறைந்தால் ஐந்தாண்டுகளுக்கு ஈடு தரப்படும் என்றது. வருவாய் முந்தைய ஆண்டைவிடக் கூடியிருந்தாலும்கூட, 14 விழுக்காட்டை எட்டாவிட்டால் அங்கே ஷார்ட்ஃபால் உண்டு. ஒப்பிடப்படுவது வகுத்த அளவோடுதான், போன ஆண்டோடு அல்ல.

மூன்றாம் படி: ‘ஆஃப்’ எங்கே, ‘இன்’ எங்கே

நான் இடறிய இடம் இதுவாதலால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ‘ரொக்க இருப்பில் 4,300 ரூபாய் துண்டு விழுகிறது’ என்ற தமிழ் வாக்கியத்தைத் தாளில் எழுதி, வேற்றுமை உருபுகளை மட்டும் பாருங்கள். ‘இருப்பில்’ என்பதில் ‘இல்’ இருக்கிறது. ‘4,300 ரூபாய்’ என்பதில் எந்த உருபும் இல்லை. ‘இல்’ ஏற்ற சொல்லுக்கு முன்னால் இன். உருபு ஏற்காமல் நிற்கும் தொகைக்கு முன்னால் ஆஃப். ஆகவே, ‘தேர் இஸ் எ ஷார்ட்ஃபால் ஆஃப் 4,300 ருபீஸ் இன் த கேஷ் பேலன்ஸ்’ என்று அமைய வேண்டும். எதிர்பார்த்த அளவையும் சேர்க்க விரும்பினால், அதற்கு முன்னால் அகெய்ன்ஸ்ட் இடுங்கள்.

எவ்வளவு, எதில், எந்த அளவோடு ஒப்பிட்டால் என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒரே வாக்கியத்தில் விடை தர வேண்டியதில்லை. ஆனால் தொகையைச் சொல்லும்போது ஆஃப், இடத்தைச் சொல்லும்போது இன் என்பது மட்டும் மாறக் கூடாது. குறிப்பேட்டில் ஒரு பக்கத்தை இரண்டாக மடித்து, இடப் பக்கம் தமிழ் வாக்கியத்தையும் வலப் பக்கம் ஆங்கில வாக்கியத்தையும் எழுதி, ‘இல்’லிலிருந்து ‘இன்’னுக்கு ஒரு கோடு போட்டுப் பழகினேன். பத்து வாக்கியங்கள் எழுதியதும் கோடு தேவைப்படவில்லை.

நான்காம் படி: பெயர்ச்சொல்லாகவே வைத்திருங்கள்

‘பணம் பற்றாக்குறையாக இருக்கிறது’ என்ற தமிழ் அமைப்பை மனத்தில் வைத்து ‘கேஷ் இஸ் ஷார்ட்ஃபால்’ என்று எழுதுபவர்கள் பலர். இது பிழை. ‘ஆக இருக்கிறது’ என்பதை ஆங்கிலத்தில் சொல்ல ஷார்ட் என்ற பெயரடை தனியே உண்டு. 500 ரூபாய் குறைந்தால், ‘வீ ஆர் ஷார்ட் பை 500 ருபீஸ்’ என்றால் போதும். ஷார்ட்ஃபால் எண்ணத்தக்க பெயர்ச்சொல் என்பதால், பொதுவாகச் சொல்லும்போது முன்னால் ‘எ’ வேண்டும். முன்பே சொன்னதைத் திரும்பக் குறிக்கும்போது ‘த’ வேண்டும். அதை ஈடுகட்டுவதற்கு மேக் அப், மீட், கவர் ஆகிய வினைகளுள் ஒன்றை இடுங்கள். ‘வீ மேட் அப் த ஷார்ட்ஃபால் ஃப்ரம் சேவிங்ஸ்’ என்பது இயல்பாக ஒலிக்கும். மூன்றில் என் விருப்பம் மேக் அப். நம்முடைய ‘ஈடுகட்டு’க்கு மிக நெருங்கியது அதுவே.

பிற்சேர்க்கை

இதை முதலில் வெளியிட்ட பிறகு வாசகர்கள் இரண்டு ஐயங்களை எழுப்பினார்கள். இதை வினைச்சொல்லாக்கி ‘ஷார்ட்ஃபால்டு’ என்று எழுதலாமா என்பது ஒன்று. எழுதக் கூடாது. வினையாக வேண்டுமானால் சொல்லைப் பிரித்து முன்பின்னாக மாற்றி, ஃபால் ஷார்ட் என்று இடுங்கள். இலக்கைச் சொன்னால் ஆஃப், எவ்வளவு குறைந்தது என்று சொன்னால் பை சேர்க்க வேண்டும்: ‘கலெக்‌ஷன் ஃபெல் ஷார்ட் ஆஃப் த டார்கெட்’, ‘கலெக்‌ஷன் ஃபெல் ஷார்ட் பை 2,000 ருபீஸ்’. உச்சரிப்பிலும் கவனம் வேண்டும். ஷார்ட்ஃபால் என்னும்போது அழுத்தம் முதல் அசையில் விழும்.

மற்றது ஒரு கல்லூரி மாணவியுடையது. அறிவிப்புப் பலகையில் ‘ஷார்ட்டேஜ் ஆஃப் அட்டெண்டன்ஸ்’ என்றுதானே ஒட்டுகிறார்கள், விண்ணப்பத்திலும் அப்படியே எழுதலாமா என்று கேட்டிருந்தார். அது நம் கல்லூரிகளில் நிலைபெற்றுவிட்ட தொடர். பொருள் வரியில் அதையே எழுதுங்கள், அலுவலகத்தில் உடனே புரிந்துகொள்வார்கள். ஆனால் கடிதத்துக்குள் கணக்கு வர வேண்டும். வேலை நாள்கள் 90, தேவை 75 விழுக்காடு என்றால் 68 நாள்கள் வந்திருக்க வேண்டும். அவர் வந்தது 64 நாள்கள். ‘4 பர்சன்ட்’ என்று எழுதினால் எதில் 4 விழுக்காடு என்ற கேள்வி எழும் என்பதால், நாள் கணக்கிலேயே எழுதச் சொன்னேன்: ‘தேர் இஸ் எ ஷார்ட்ஃபால் ஆஃப் 4 டேஸ் இன் மை அட்டெண்டன்ஸ் அகெய்ன்ஸ்ட் த ரிக்வயர்ட் 68.’