பிடிஎப்புக்குப் பெயர் வைப்பதில் நடக்கும் தவறுகள்

மட்டக்களப்பின் படுவான்கரையில் பெரும்போக அறுவடை முடிகிற மாசி, பங்குனியில் நெல் மில்களில் மூச்சு விட நேரம் இருக்காது. அப்படி ஒரு மில்லுக்குப் பற்றுச்சீட்டு போடும் மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தேன். நெல் நிறுத்து முடிந்ததும் கணக்கர் ஒரு பொத்தானை அழுத்துவார். சேர்வர் உடனே ஒரு பிடிஎப் செய்து பிரவுசருக்கு அனுப்பும். அதைச் சேமித்து விவசாயியின் வட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுவார். மூன்றாம் நாள் போன் வந்தது. "தம்பி, ஒருக்கா வந்து பாருங்க. எந்தச் சீட்டு ஆருடையது எண்டு விளங்குதில்ல."

போய்ப் பார்த்தேன். டவுன்லோட் போல்டரில் பிரின்ட், பிரின்ட் (1), பிரின்ட் (2) என்று தொடங்கி பிரின்ட் (63) வரை வரிசையாகக் கிடந்தன. ஒருவருடைய சீட்டு இன்னொருவருக்குப் போய்விட்டது. சீட்டுக்குள்ளே கணக்கெல்லாம் சரி. வெளியே பெயர்தான் இல்லை. காசு சம்பந்தப்பட்ட கடதாசியில் இது சின்னத் தவறு அல்ல. அதற்குப் பிறகு நான் திருத்தியவற்றையும், மற்றவர்களின் கோடில் அடிக்கடி பார்ப்பவற்றையும் இங்கே எழுதுகிறேன். ஹெடர், அதாவது கோப்போடு சேர்வர் அனுப்பும் குறிப்பு வரிகளின் பெயர்களை ஒலிப்பில் தருகிறேன். கோடில் வழமைபோல ஆங்கிலத்திலேயே எழுதுங்கள்.

முதல் தவறு, பெயரே சொல்லாமல் விடுவது. சேர்வர் பெயர் சொல்லாவிட்டால் பிரவுசர் யூஆர்எல்லின் பாதையில் கடைசித் துண்டை எடுத்துக்கொள்ளும். என்னுடைய பாதை 'பிரின்ட்' என்று முடிந்தது. சீட்டு எண் கேள்விக்குறிக்குப் பிறகு இருந்தது. அந்தப் பகுதியைப் பெயருக்கு எடுப்பதில்லை. அதனால் 64 சீட்டுக்கும் ஒரே பெயர், பின்னால் அடைப்புக்குறிக்குள் எண். இதற்கான மருந்து கன்டென்ட்-டிஸ்பொசிஷன் என்ற ஹெடர். அதன் விதிகள் 2011இல் வந்த ஆர்எப்சி 6266 என்ற இணைய விதி ஆவணத்தில் உள்ளன. முதலில் இன்லைன் (திற) அல்லது அட்டாச்மென்ட் (இறக்கு) என்ற சொல், அதன் பின் அரைப்புள்ளி, அதன் பின் பைல்நேம், அதாவது கோப்புப் பெயர். அவ்வளவுதான்.

இங்கேதான் பலர் இரண்டாவது தவறைச் செய்கிறார்கள். பைல்நேம் என்பது அட்டாச்மென்டுக்கு மட்டும் உரியது என்று நினைத்து, இன்லைனில் அதை விட்டுவிடுகிறார்கள். இன்லைன் என்றால் பிடிஎப் பிரவுசருக்குள்ளேயே திறக்கும். ஆனாலும் பார்ப்பவர் 'சேமி' என்று அழுத்தும் நேரம் ஒரு பெயர் வேண்டுமல்லவா? குரோமும் பயர்பொக்ஸும் அப்போது நீங்கள் கொடுத்த பைல்நேமைத்தான் காட்டும். கணக்கர் சீட்டைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சேமிப்பார் என்பதால் எனக்கு இன்லைன்தான் தேவைப்பட்டது. கூடவே யூஆர்எல்லின் கடைசியிலும் அதே பெயரை ஒட்டிவிட்டேன். சேர்வர் சீட்டு எண்ணை மட்டும் படித்துவிட்டுக் கடைசித் துண்டைக் கவனிக்காமல் விடும். ஹெடரை மதிக்காத பழைய பிடிஎப் செருகிகள்கூட அந்தத் துண்டைப் பார்த்துச் சரியான பெயரை எடுத்துக்கொள்ளும்.

பிரவுசர் தாவலின் தலைப்பில் தெரிகிற பெயர் வேறு சங்கதி. அது பிடிஎப்பின் உள்ளே பதிந்திருக்கும் 'டைட்டில்' என்ற தகவலில் இருந்து வருகிறது. அதை மாற்றிவிட்டு, சேமிக்கும்போது பெயர் மாறவில்லையே என்று மண்டையை உடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டையும் தனித்தனியாகத்தான் வைக்க வேண்டும்.

டவுன்லோட் ஆகட்டும் என்பதற்காக, கோப்பின் வகையைச் சொல்லும் கன்டென்ட்-டைப் ஹெடரை 'ஒக்டெட்-ஸ்ட்ரீம்' என்று மாற்றுவதும் வேண்டாம். பிடிஎப்பை அப்ளிகேஷன்/பிடிஎப் என்றே சொல்லுங்கள். இறக்குவதா திறப்பதா என்பதை டிஸ்பொசிஷன் பார்த்துக்கொள்ளும்.

சரி, இனித் தமிழுக்கு வருவோம். நம் ஆட்களுக்கு அதிகம் சறுக்குகிற இடம் இதுதான். விவசாயிக்குத் தமிழில் பெயர் தெரிந்தால் நல்லது என்று பைல்நேமுக்குள் அப்படியே 'மட்டக்களப்பு' என்று போட்டேன். சேமிக்கும் பெட்டியில், தலையில் கோடு போட்ட ஆங்கில ஏயும் வட்டத்துக்குள் ஆர் போட்ட குறியும் மாறி மாறி வந்தன. காரணம் இது. தமிழ் யூனிகோட் குறி ஒவ்வொன்றும், எழுத்தைப் பைட்டாக்கும் யூடிஎப்-8 முறையில் மூன்று பைட். ஹெடரைப் பழைய முறைப்படி ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து என்று படிப்பவர்களுக்கு அந்த மூன்றும் மூன்று ஐரோப்பிய எழுத்தாகத் தெரியும். சேர்வரைப் பொறுத்து இது வேறு வேறு விதமாக உடையும். நோட்.ஜேஎஸ், ஹெடரில் தகாத எழுத்து என்று பிழை காட்டி நின்றுவிடும். பிஎச்பியில் பிடிஎப் செய்யும் எப்பிடிஎப் நூலகத்தின் அவுட்புட் கட்டளையில், பெயர் யூடிஎப்-8 தானா என்று கேட்கும் மூன்றாவது மதிப்பு ஒன்று உண்டு. நாம் சொல்லாவிட்டால் அது 'இல்லை' என்றே எடுத்துக்கொள்ளும்.

சரியான வழி, இரண்டு பெயர் கொடுப்பது. ஒன்று சாதாரண பைல்நேம்: ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும், இரட்டை மேற்கோளுக்குள். மற்றது நட்சத்திரக் குறி போட்ட பைல்நேம்*: முதலில் யூடிஎப்-8, பிறகு இரண்டு ஒற்றை மேற்கோள், பிறகு சதவீதக் குறியீட்டில் (பைட் ஒவ்வொன்றையும் சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக எழுதும் முறை) தமிழ்ப் பெயர். இரண்டும் இருந்தால் இன்றைய பிரவுசர்கள் நட்சத்திரத்தையே எடுக்கும். அது விளங்காத பழையவை முதலாவதை எடுக்கும். மேற்கோள் குறி இந்த இரண்டாவதில் வெளியே வரக்கூடாது. சதவீதக் குறியீட்டைச் சாதாரண பைல்நேமுக்குள் போடுவதும் பிழை. சில பிரவுசர் அதை விரித்துக் காட்டும், சிலது சதவீதக் குறிகளோடு அப்படியே சேமிக்கும். பிஎச்பியில் யூஆர்எல்என்கோட் இடைவெளியைக் கூட்டல் குறியாக்கிவிடும், ராயூஆர்எல்என்கோட் போடுங்கள். ஜாவாஸ்கிரிப்டின் என்கோட்யூஆர்ஐகொம்போனென்ட் ஒற்றை மேற்கோள், வளைவு அடைப்பு, நட்சத்திரம் ஆகியவற்றைத் தொடாமல் விடும். அவற்றை நீங்களே மாற்ற வேண்டும்.

நான் சொல்வது, இதையெல்லாம் கையால் எழுதாதீர்கள். பைதனில் எழுதுவோர் பாவிக்கும் ஜாங்கோவின் பைல்ரெஸ்பொன்ஸுக்குப் பெயரைக் கொடுத்தால் நட்சத்திர வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். பிஎச்பியின் சிம்பொனியில் மேக்டிஸ்பொசிஷனுக்கு ஆங்கில மாற்றுப் பெயர் கொடுக்காமல் தமிழ்ப் பெயரை நீட்டினால் பிழை எறிந்து உங்களை நிறுத்தும். அந்தக் கண்டிப்பு நல்லதுதான்.

நீளமும் கவனிக்க வேண்டியது. 'மட்டக்களப்பு' நம் கண்ணுக்கு எட்டு எழுத்து. யூனிகோடில் புள்ளியும் உகரக் குறியும் தனித்தனி என்பதால் 12 குறிகள். பைட்டில் 36. சதவீதக் குறியீட்டில் 108. லினக்ஸில் ஒரு கோப்புப் பெயருக்கு வழமையான எல்லை 255 பைட்; தமிழில் அது 85 குறிகள்தான், .பிடிஎப் என்ற வாலையும் கழிக்க வேண்டும். ஊர், பெயர், நெல் இனம், திகதி என்று எல்லாவற்றையும் அடுக்கினால் சீக்கிரமே முட்டிவிடும். அப்போது பைட் கணக்கில் வெட்டினால் கடைசி எழுத்து உடைந்து கேள்விக்குறியாகும். குறிக் கணக்கில் வெட்டினாலும் 'ப்' என்பது புள்ளி இழந்து 'ப' ஆகிவிடலாம். வெட்டத்தான் வேண்டுமென்றால் சொல் முடிகிற இடத்தில் வெட்டுங்கள்.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. கொக்கட்டிச்சோலை என்று இரண்டு பேர் தட்டச்சு செய்தால் இரண்டும் ஒன்றாகத் தெரியும். ஆனால் 'கொ' என்பதில் ஒகரக் குறி ஒரே குறியாகவும் இருக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் இருக்கலாம். 'சோ'வுக்கும் அதே கதை. பெயரை வைத்துத் தேடும்போது பாதிச் சீட்டு அகப்படாது. பெயர் செய்யும் முன், இரண்டு குறியை ஒன்றாக்கும் என்எப்சி என்ற யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

பெயருக்குள் வரும் குறிகளைப் பற்றிச் சுருக்கமாக. திகதியைச் சாய்கோடு போட்டு எழுதாதீர்கள். விண்டோஸில் சாய்கோடு இரண்டும், முக்காற்புள்ளியும், நட்சத்திரமும், கேள்விக்குறியும், இரட்டை மேற்கோளும், கோண அடைப்புகளும், நெடுங்கோடும் கோப்புப் பெயரில் ஆகாது. 2025-03-12 என்று ஆண்டை முன்னால் வைத்தால் வரிசையும் தானாக அமையும். இடைவெளி உள்ள பெயரை மேற்கோளுக்குள் வைக்காவிட்டால் முதல் சொல்லோடு வெட்டுப்பட வாய்ப்பு உண்டு. பயனர் தட்டிய எழுத்தில் வரிமுறிவு இருந்தால் அது ஹெடரையே உடைத்து, இன்னொருவர் தன் ஹெடரைச் செருக வழி திறந்துவிடும். கட்டாயம் நீக்குங்கள்.

போனில் ஓடும் பக்கத்துக்கு நான் ஜாவாஸ்கிரிப்டில் பிடிஎப்பை எடுத்து, புளொப் (பிரவுசர் தன் நினைவகத்தில் வைத்திருக்கும் தரவு) ஆக்கித் திறந்தேன். பெயர் நீளமான எண்ணும் எழுத்துமாக வந்தது. புளொப் ஆனதும் ஹெடரில் சொன்ன பெயர் கூடவே வராது. இணைப்பின் டவுன்லோட் பண்பில் நாமே எழுத வேண்டும். பிடிஎப் தருகிற சேர்வர் (ஏபிஐ) வேறு டொமைனில் இருந்தால் ஹெடரைப் படிக்கவும் விடாது. அக்சஸ்-கன்ட்ரோல்-எக்ஸ்போஸ்-ஹெடர்ஸில் கன்டென்ட்-டிஸ்பொசிஷன் பெயரைச் சேர்த்தால்தான் கைக்கு வரும். நேரடி இணைப்பென்றால் டவுன்லோட் பண்பு வேறு டொமைனில் வேலை செய்யாது. ஹெடரில் பெயர் இருந்தால் அதுவே முந்தும்.

இப்போது அந்த மில்லில் சீட்டு எண், திகதி, ஊர், இந்த மூன்றும்தான் பெயரில் வருகின்றன. எண் முதலில் நிற்கிறது, போனின் சின்னத் திரையில் பெயரின் வால் மறைந்தாலும் எண் தெரியும். அடையாள அட்டை இலக்கத்தையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டார்கள், நான் சேர்க்கவில்லை. வட்ஸ்அப்பில் கோப்பைத் திறக்காமலே பெயர் எல்லோருக்கும் தெரியும், குழுவில் தவறிப் போட்டால் இலக்கமும் ஊர் முழுக்கப் போகும். கணக்கருக்கு அதைச் சொன்னதும், "அது சரி தம்பி, எண் போதும்" என்றார்.