மரியோ 3-யும் மரியோ வேர்ல்டும்: கம்பேர் பண்ணும்போது தவிர்க்க வேண்டிய தப்புகள்

போன வாரம் ஒரு தம்பி, புதுசா கேம் வீடியோ போட ஆரம்பிச்சிருக்கான், சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3-யையும் சூப்பர் மரியோ வேர்ல்டையும் (இனி 3, வேர்ல்டு) ஒப்பிட்டு ஒரு ஸ்க்ரிப்ட் எழுதி அனுப்பிப் பாக்கச் சொன்னான். பாதி படிக்கும்போதே மனசு கனத்துப் போச்சு, ஏன்னா ஆறு வருஷம் முன்னாடி நான் பண்ணின அதே தப்பு, கிட்டத்தட்ட அதே வரிசையில. அவனுக்கு முன்னாடி ரெண்டு பேர் அனுப்பினதுலயும் இதேதான் இருந்துச்சு, அதனாலதான் ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன். வருஷத்தை மாத்திப் போடுறது, பாஸ் பேரைக் குழப்பிக்கிறது இதெல்லாம் நீங்களே சரி பண்ணிக்குவீங்க, அதைத் தொடல.

பவர்-அப்பை (மரியோவுக்குப் புது சக்தி குடுக்குற ஐட்டம்) எண்ணி மார்க் போடுறது

3-ல இலை, தவளை டிரெஸ், தனூக்கி, சுத்தியல் டிரெஸ்னு வரிசையா அடுக்கலாம், வேர்ல்டுல பறக்குற இறகை விட்டா பெருசா ஒண்ணும் இல்ல, அதனால 3 ஜெயிச்சுதுன்னு எழுதிடுறாங்க. தவளை டிரெஸ்ஸைப் போட்டுட்டுத் தரையில நடந்து பாருங்க, தத்தித் தத்திதான் போகும், அது தண்ணிக்குன்னே செஞ்சது. எதிரிகிட்ட இருந்து பறிச்சுப் போட்டுக்குற குரிபோ ஷூ மொத்த கேம்லயும் 5-3ங்கிற ஒரே லெவல்லதான் வரும். வேர்ல்டுல எண்ணிக்கை கம்மிதான், ஆனா அந்த ஒரு இறகுக்குள்ள எவ்ளோ இருக்குன்னு ஆடினவங்களுக்குத் தெரியும்: ஓடி எகிறி, மரியோ கீழ சாயுற நேரம் பாத்து எதிர்ப்பக்கம் அழுத்தினா திரும்ப மேல ஏறுவான், அந்தத் தாளம் கைக்குப் பழகிட்டா லெவலோட பாதி தூரம் தரையே தொட வேண்டாம். இது போதாதுன்னு மரியோ ஏறிப் போற டைனோசர் யோஷி வேற. சிவப்பு ஆமை ஓட்டை வாயில வெச்சிருந்தா நெருப்பு துப்பும், நீல ஓடுன்னா றெக்கை முளைக்கும், மஞ்சள்னா குதிச்சு இறங்குற இடத்துல புழுதி கிளம்பி பக்கத்துல இருக்குறது சாகும்.

ரீவைண்ட் (ஆட்டத்தைப் பின்னாடி இழுக்குறது) போட்டு 3-ஐ முடிச்சிட்டு தீர்ப்பு சொல்றது

இதை நெனச்சாதான் எனக்கு இன்னிக்கும் ஆத்திரம் வருது.

தம்பி ஸ்க்ரிப்ட்ல ஒரு வரி: "ஆங்கர்னு ஒரு ஐட்டம் குடுத்திருக்காங்க, கடைசி வரைக்கும் எதுக்குமே உதவல." நான் என் வீடியோவுல சொன்னதும் இதேதான். ரெண்டு மாசம் ராத்திரி ராத்திரி உக்காந்து எடிட் பண்ணின நாப்பது நிமிஷ வீடியோ. போட்ட மறுநாளே பெரியவர் ஒருத்தர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, ஏர்ஷிப்ல நீங்க ஒரு தடவையாவது செத்தீங்களா?" சாகல. செத்தப்பல்லாம் பத்து செகண்ட் பின்னாடி இழுத்துட்டுத் திரும்ப ஆடியிருந்தேன். அன்னிக்கு சாயங்காலமே வீடியோவ எடுத்துட்டேன், ரெண்டு மாச உழைப்பும் போச்சு.

விஷயம் என்னன்னா, 3-ல ஏர்ஷிப்ல (பறக்குற கப்பல் லெவல்) தோத்துட்டா அந்தக் கப்பல் இருந்த இடத்துல இருக்காது, மேப்ல வேற எங்கயாவது பறந்து போய் நின்னுக்கும், நடுவுல நீங்க ஆடாம சுத்திக்கிட்டு வந்த லெவல் ஏதாவது வழிய மறிச்சா அதையும் முடிச்சுத்தான் போயாகணும். கப்பலைப் பறக்க விடாம அங்கயே புடிச்சு வைக்கத்தான் ஆங்கர். சாவே இல்லாதவனுக்கு அது இரும்புத் துண்டுதான். ஆங்கர் மட்டும் இல்ல, அந்த கேமோட பாதி ஐட்டம் இப்படித்தான். மேகம் ஒரு லெவலைத் தாண்டி உக்கார வைக்கும், மியூசிக் பாக்ஸ் மேப்ல அலையுற சுத்தியல்காரங்களைத் தூங்க வைக்கும், பி-விங் போட்டா அந்த லெவல் முழுக்கப் பறக்கலாம். லெவல் முடிவுல ஒண்ணொண்ணா கிடைக்குற கார்டு மூணும் ஸ்டாரா சேந்தா 5 உயிர். ஏன் இவ்ளோ சேமிப்பு? ஏன்னா ஒரிஜினல் கேசட்ல சேவ் கிடையாது, அதுல இருக்குற எட்டு வேர்ல்டையும் (லெவல் தொகுதி) ஒரே மூச்சுல ஆடணும், கேம் ஓவர் ஆனா அந்த வேர்ல்டுல முடிச்ச சாதா லெவலெல்லாம் திரும்ப முளைச்சு நிக்கும்.

மரியோ வேர்ல்டு அப்படி இல்ல. கேசட்டுக்குள்ளயே பேட்டரி, கோட்டையோ பேய் வீடோ முடிச்சா சேவ் பண்ணலாம், முடிச்ச லெவலுக்குள்ள எத்தனை தடவை வேணா போய் இறகு எடுத்துட்டு வரலாம், பாதியில ஒரு செக்பாயிண்ட் கேட் வேற. அதனாலதான் அங்க கூடுதலா ஒரு ஐட்டம் வெச்சுக்க ஒரே ஒரு பெட்டி. 3-ல 28 ஐட்டம் புடிக்குற பை. ரெண்டு கேமுக்கும் நடுவுல இருக்குற பெரிய வித்தியாசமே இதுதான், ரீவைண்ட் போட்ட அடுத்த நிமிஷம் இது கண்ணுல இருந்து மறைஞ்சிடுது.

வீடியோவ எடுத்ததுக்கு அப்புறம் மூணு வாரம் ரீவைண்ட் இல்லாம ஆடினேன். எட்டாவது வேர்ல்டுல அந்த இருட்டு மேப், டேங்க் வரிசைக்கு முன்னாடி நின்னு பையைத் திறந்தா ரெண்டாவது வேர்ல்டுல இருந்து செலவு பண்ணாம வெச்சிருந்த ஒரே ஒரு பி-விங். இப்ப போட்டா அடுத்ததுக்கு என்ன பண்றதுன்னு அஞ்சு நிமிஷம் பட்டனைத் தொடாம உக்காந்திருந்தேன். மரியோ வேர்ல்டு எனக்கு அந்த அஞ்சு நிமிஷத்தை ஒரு தடவை கூடக் குடுத்ததில்ல, அதுக்கு அது தேவையும் இல்ல.

3-ஐ ஒரே நாள்ல ஆட முடியலன்னா ஒவ்வொரு வேர்ல்டு ஆரம்பத்துலயும் ஒரு சேவ் வெச்சுக்கோங்க. நடுவுல தொடாதீங்க.

எந்த வெர்ஷன்னு சொல்லாம விடுறது

1993-ல 16-பிட் பெட்டிக்கு வந்த ஆல்-ஸ்டார்ஸ் தொகுப்புல இருக்குற 3 புது பெயிண்ட் அடிச்சது, சேவும் உண்டு. அதை ஆடிட்டு "8-பிட்லயே என்ன அழகு"ன்னு எழுதுறவங்களை நான் பாத்திருக்கேன்.

சின்ன வயசு ஞாபகத்தை ஆதாரமா வைக்கிறது

"நாங்க டிவி கேம்ல ஆடும்போது 3 ஈஸியா இருந்துச்சு"ன்னு நம்ம ஆளுங்க நிறைய பேர் சொல்வாங்க. பொய் சொல்லல, உண்மையிலயே ஈஸியாதான் இருந்திருக்கும். தொண்ணூறுகள்ல நம்ம வீடுகள்ல இருந்தது பெரும்பாலும் நகல் பெட்டி, நம்ம டிவிக்கு ஏத்த மாதிரி செகண்டுக்கு 50 ஃப்ரேம் ஓடுறது. கேம் எழுதினது 60-க்கு. அப்போ ஆறுல ஒரு பங்கு மெதுவா ஓடும், குதிக்க யோசிக்க அஞ்சுல ஒரு பங்கு நேரம் கூடக் கிடைக்கும். கஷ்டத்தைப் பத்திப் பேசணும்னா 60-ல திரும்ப ஆடிட்டுப் பேசுங்க.

வேர்ல்டுல 96 லெவல்னு எழுதுறது

அது லெவல் இல்ல, லெவலை முடிச்சு வெளிய போற வழிகளோட எண்ணிக்கை.

ரெண்டு ரிலீஸுக்கும் நடுவுல இருக்குற இடைவெளி

ஜப்பான்ல 3 வந்தது 1988 அக்டோபர், வேர்ல்டு 1990 நவம்பர். அமெரிக்காவுல 3 வந்தது 1990 பிப்ரவரி, வேர்ல்டு 1991 ஆகஸ்ட். எந்த ஊர் கணக்குன்னு சொல்லுங்க.

சத்தத்தை அணைச்சிட்டு ஆடுறது

யோஷி மேல ஏறினதும் பாட்டுக்குள்ள பாங்கோ (சின்ன மேளம்) சேரும், இறங்கினா நின்னுடும். ஹெட்போன் போட்டுக்கோங்க.