பேச்சுப் போட்டிக்குப் பிள்ளையைத் தயார் செய்வது எப்படி: முதலில் பேச்சு, அப்புறம் எழுத்து

பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் "பேச்சுப் போட்டி. தலைப்பு: மழைநீர் உயிர்நீர். நேரம்: 3 நிமிடம்" என்று ஒரு செய்தி வந்து விழும். அன்று இரவே வீடு பரபரப்பாகிவிடும். அப்பா இணையத்தில் ஒரு கட்டுரையைத் தேடிப் பிடிப்பார். அம்மா அதைச் சுருக்கி அழகான கையெழுத்தில் எழுதுவார். மறுநாள் காலையிலிருந்து பிள்ளை அதை உருப்போடும். போட்டியன்று நடுவில் எங்கோ ஒரு சொல் நழுவும். அதோடு பேச்சு நின்றுவிடும்.

சென்னைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறேன், சில போட்டிகளில் நடுவராகவும் உட்கார்ந்திருக்கிறேன். பெற்றோர் எழுதித் தந்த பேச்சு எது, பிள்ளையின் சொந்தப் பேச்சு எது என்பது முதல் நான்கு வரியிலேயே தெரிந்துவிடும். அதனால் வழக்கமான வரிசையை அப்படியே திருப்பிப் போடச் சொல்கிறேன். பிள்ளை முதலில் பேசட்டும், நீங்கள் பிறகு எழுதுங்கள். 6ஆம் வகுப்பு முதல் 9ஆம் வகுப்பு வரை, முதல் தடவையாக மேடை ஏறப்போகும் பிள்ளைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

படி 1: அறிவிப்பை முழுசாகப் படியுங்கள்

எத்தனை நிமிடம்? எச்சரிக்கை மணி உண்டா? தலைப்பை முன்கூட்டியே தருகிறார்களா, அங்கே போனதும் சீட்டு எடுக்கச் சொல்கிறார்களா? குறிப்புச் சீட்டு கையில் வைத்துக்கொள்ளலாமா? தலைமையாசிரியர் கையொப்பமிட்ட கடிதம் வேண்டுமா? அறிவிப்பில் இல்லாததை வகுப்பு ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள்.

பள்ளிக்கு வெளியே வாய்ப்பு தேடுகிறவர்கள் தமிழ் வளர்ச்சித் துறையின் அறிவிப்புகளைக் கவனித்து வரலாம். காந்தி, நேரு, அம்பேத்கர், பெரியார், அண்ணா, கலைஞர் பிறந்தநாள்களையொட்டி மாவட்ட அளவில் பள்ளி மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டிகள் நடத்துகிறார்கள். முதல் பரிசு 5,000 ரூபாய், இரண்டாவது 3,000, மூன்றாவது 2,000. அரசுப் பள்ளி மாணவர்கள் இருவருக்குத் தனியாகச் சிறப்புப் பரிசும் உண்டு.

எந்த மாதம் என்ன தலைப்பு வரும் என்பதை நாள்காட்டியே சொல்லிவிடும். ஜூலை 15 காமராஜர் பிறந்தநாள், பள்ளிகளில் கல்வி வளர்ச்சி நாள். ஜூலை 18 தமிழ்நாடு நாள். செப்டம்பரில் அண்ணாவும் பெரியாரும், அக்டோபரில் காந்தி, டிசம்பர் 11 பாரதி. விடுமுறையிலேயே இவர்களில் இரண்டு பேரைப் பற்றிப் பேசிப் பழகியிருந்தால் கடைசி நேர ஓட்டம் மிச்சம்.

படி 2: பிள்ளையைப் பேசவிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு பிள்ளையோடு உட்காருங்கள். தலைப்பைச் சொல்லாதீர்கள், சும்மா கேள்வி கேளுங்கள்.

"மழை பேஞ்சா என்னடா ஆகும்?"

"ரோட்ல தண்ணி நிக்கும்."

"அப்புறம்?"

"லீவு விடுவாங்க!"

சிரித்துவிட்டு நகராதீர்கள். அதை எழுதிக்கொள்ளுங்கள், பேச்சின் முதல் வரி கிடைத்துவிட்டது. அடுத்து வீட்டுப் பெரியவர்களிடம் அனுப்புங்கள். "பாட்டி, 2015 வெள்ளத்துல நம்ம வீட்ல என்ன ஆச்சு?" என்று கேட்டால் போதும், சென்னையில் எந்தப் பாட்டியும் அரை மணி நேரம் பேசுவார். கடைசியாக ஒரு வேலை கொடுங்கள்: நம் கட்டடத்தின் மழைநீர் சேகரிப்புக் குழி எங்கே இருக்கிறது, மூடியைத் திறந்தால் உள்ளே என்ன தெரிகிறது என்று பெரியவர் ஒருவரோடு போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். காய்ந்த இலையும் உடைந்த செங்கல்லும் பால் கவரும் கிடந்தால் அதுவும் நோட்டில் ஏறட்டும். கூடப் போட்டியிடும் இருபது பேரில் ஒருவர்கூட அந்தப் பால் கவரைப் பற்றிப் பேசப் போவதில்லை.

தலைவர்கள் பற்றிய தலைப்புக்கும் இதே வழிதான். பாரதி என்றால் திருவல்லிக்கேணி துளசிங்கப் பெருமாள் கோயில் தெரு வீட்டுக்கு அழைத்துப் போங்கள். காமராஜர் என்றால் தியாகராய நகர் திருமலைப் பிள்ளை சாலையில் அவர் வாழ்ந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. விவேகானந்தர் என்றால் மெரினாவுக்கு எதிரே இருக்கும் பழைய ஐஸ் ஹவுஸ். 1897-இல் அவர் தங்கிய இடம். திரும்பி வந்ததும் "அங்க என்ன பாத்த?" என்று ஒரே ஒரு கேள்வி. மிச்சத்தைப் பிள்ளை பார்த்துக்கொள்ளும்.

படி 3: தகவலைச் சரிபாருங்கள்

3 நிமிடப் பேச்சுக்கு இரண்டு மூன்று தகவல்கள் தாராளம். அவை சரியாக இருக்க வேண்டும். மழைநீர் தலைப்புக்கு நான் எடுத்துக்கொடுப்பவை இவை: 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. அடுத்த நான்கே ஆண்டில், 2019 ஜூலை 12 அன்று, ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ஏற்றிக்கொண்டு ரயில் ஒன்று வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. மூழ்கிய அதே ஊருக்குத் தண்ணீர் ரயிலில் வந்தது. இதற்கு மேல் எந்த அடைமொழியும் வேண்டாம்.

மேடையில் அடிக்கடி கேட்கும் இரண்டு தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். "கோயில் யானை தாக்கி பாரதி இறந்தார்" என்பது ஒன்று. யானை தள்ளியது உண்மைதான். ஆனால் அதிலிருந்து தேறி, ஈரோடு கருங்கல்பாளையம் வரை போய், 1921 ஜூலை 31 அன்று அங்குள்ள நூல்நிலையத்தில் "மனிதனுக்கு மரணமில்லை" என்ற தலைப்பில் பேசியிருக்கிறார். செப்டம்பரில்தான் நோயால் இறந்தார். இன்னொன்று, பள்ளியில் மதிய உணவு காமராஜர் காலத்தில்தான் முதன்முதலாக வந்தது என்பது. அதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனவர் அவர். ஆனால் 1920-லேயே சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் அதைத் தொடங்கியிருந்தது. சென்னைப் பிள்ளை இதைச் சொன்னால் நடுவர் நிமிர்ந்து உட்காருவார்.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர்களுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. ஒரு சனிக்கிழமை அங்கே போய்வாருங்கள். கூகுளில் முதலில் வரும் பக்கத்தை அப்படியே நம்ப வேண்டாம்; அதே பக்கத்தை இன்னும் பத்து அப்பாக்கள் எடுத்திருப்பார்கள்.

படி 4: ஐந்து நிறுத்தங்களாக அடுக்குங்கள்

பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி பேருந்து நடுவில் ஒரு நிறுத்தத்தில் நிற்காமல் போனாலும் கடைசியில் பெசன்ட் நகர் போய்ச் சேர்ந்துவிடும். பேச்சும் அப்படி இருக்க வேண்டும். பிள்ளை வரிகளை மனப்பாடம் செய்ய வேண்டாம், நிறுத்தங்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். நம் தலைப்புக்கு:

லீவு – பாட்டி வீடு – ரயில் – குழி – மூடி.

ஐந்தே சொற்கள். இந்த வரிசையைச் சொல்லத் தெரிந்ததும், ஒவ்வொன்றைப் பற்றியும் அரை நிமிடம் பேசச் சொல்லுங்கள். அதைக் கேட்டபடி நீங்கள் எழுதி, பேச்சு வழக்கை மட்டும் மேடைத் தமிழாக மாற்றுங்கள். "தண்ணி நிக்கும்" என்பது "தண்ணீர் தேங்கும்" ஆகலாம். "நீர்த்தேக்கமானது சாலைகளில் உருவாகிறது" என்று போனால் பிள்ளை காணாமல் போய்விடும். தொடக்கம் இப்படி அமையலாம்:

"அவையோர் அனைவருக்கும் வணக்கம். மழை பெய்தால் எனக்குக் கொண்டாட்டம், பள்ளிக்கு விடுமுறை விடுவார்கள். ஆனால் மழை என்று சொன்னாலே என் பாட்டி கட்டிலுக்கு அடியில் இருப்பதையெல்லாம் எடுத்து மேலே வைக்க ஆரம்பித்துவிடுவார். 2015 டிசம்பரில் அவர் வீடு ஜாபர்கான்பேட்டையில் இருந்தது."

வணக்கம் ஒரே வரியில் முடிந்துவிட்டதைக் கவனியுங்கள். "நீதி வழுவா நடுவர் பெருமக்களே, அறிவொளி ஏற்றும் ஆசான்களே, என்னைப் போல் பேச வந்திருக்கும் என் இனிய தோழர் தோழியரே" என்று போனால் 3 நிமிடத்தில் அரை நிமிடம் காலி. எல்லோரும் குறளில் தொடங்குகிறார்கள் என்பதற்காக நீங்களும் குறளில் தொடங்க வேண்டியதில்லை. குறள் வேண்டுமென்றால் நடுவில், அது பொருந்தும் இடத்தில் வையுங்கள். பொருளும் பிள்ளைக்குத் தெரிந்திருக்கட்டும்.

கடைசி நிறுத்தமான "மூடி" ஒரு கோரிக்கை. "அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். அதற்குள் உங்கள் வீட்டுக் குழியின் மூடியை ஒருமுறை திறந்து பாருங்கள். நன்றி, வணக்கம்." பிள்ளைகள் முழுசாக மனப்பாடம் செய்ய நான் அனுமதிப்பது முதல் மூன்று வரிகளையும் இந்தக் கடைசி வரிகளையும் மட்டுமே.

படி 5: நாக்கைப் பழக்குங்கள்

நம்மூரில் மழை "மளை" ஆகிவிடும், வாழைப்பழம் "வாயப்பயம்" ஆகிவிடும். தெருவில் அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. தலைப்பிலேயே ழகரம் இருக்கும் போட்டியில் மதிப்பெண் போகும்.

ல சொல்லும்போது நாக்கு நுனி மேல்பல்லை ஒட்டிய ஈறைத் தொடும். ள சொல்லும்போது நாக்கு மடிந்து மேலண்ணத்தைத் தொடும். ழ சொல்லும்போது நாக்கு அதேபோல் மடியும், ஆனால் எதையும் தொடாது. "தொடாதே, தொடாதே" என்று சொல்லிக்கொடுங்கள், அநேகப் பிள்ளைகளுக்கு அதிலேயே வந்துவிடும். பிறகு "ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல் வழுக்கிக் கீழே விழுந்தான்" என்பதை முதலில் மெதுவாக, அப்புறம் வேகமாக. தினம் பல் தேய்த்த பிறகு இரண்டு நிமிடம் போதும். பேச்சில் வரும் ழகரச் சொற்களைப் பென்சிலால் வட்டமிட்டு அவற்றைத் தனியாகவும் சொல்லிப் பார்க்கட்டும்.

படி 6: நின்று, சத்தமாக, சத்தத்துக்கு நடுவில்

உட்கார்ந்து முணுமுணுப்பதைப் பயிற்சியில் சேர்க்காதீர்கள். மொட்டை மாடியில் ஒரு மூலையில் பிள்ளையும் எதிர் மூலையில் நீங்களும் நில்லுங்கள். கத்தாமல் உங்கள் காதுக்கு எட்டினால் குரல் சரி. கண்ணாடி முன் பேசுவதை நான் ஊக்குவிப்பதில்லை, பிள்ளை தலைமுடியைத்தான் பார்க்கும். போனில் குரலை மட்டும் பதிவு செய்து போட்டுக் காட்டுங்கள். எங்கே ஓடுகிறது, எங்கே இழுக்கிறது என்று அதுவே கண்டுபிடிக்கும்.

நேரத்தையும் போனிலேயே அளந்து பாருங்கள். 3 நிமிடம் என்றால் வீட்டில் 2 நிமிடம் 40 நொடியில் முடியட்டும். மேடையில் கைதட்டல், இருமல், மைக் சரிசெய்வது என்று ஏதாவது வந்து சேரும்.

வீடு நிசப்தமாக இருக்க வேண்டும் என்று தொலைக்காட்சியை அணைக்காதீர்கள். குக்கர் விசில் அடிக்கும் நேரத்தில் பேசச் சொல்லுங்கள். விசில் வந்தால் பேச்சை நிறுத்தி, அது அடங்கியதும் அதே வாக்கியத்தைத் தொடர வேண்டும். போட்டியன்று பக்கத்து அறையில் கைதட்டல் எழும்போது இந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

படி 7: கை, கண், மைக்

"அன்று" என்றால் கை பின்னால், "இன்று" என்றால் முன்னால், "வானம்" என்றால் மேலே என்று கையசைவைச் சொல்லிக்கொடுக்காதீர்கள். பார்க்கிறவர்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு நினைவுக்கு வரும். கை இயல்பாகத் தொங்கட்டும், தேவைப்படும்போது தானாக எழும். கண்ணுக்கு மூன்று இடங்கள்: கடைசி வரிசையின் இடது பக்கம், நடு, வலது பக்கம். நடுவர் எழுதுவதைப் பார்க்க வேண்டாம். அவர் பெயரைக்கூட எழுதிக்கொண்டிருக்கலாம்.

மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். தட்டுவதும் ஊதுவதும் கூடாது. முன்னால் பேசியவர் உயரமாக இருந்தால், "அண்ணா, மைக்கைக் கொஞ்சம் இறக்கிக் குடுங்க" என்று கேட்கப் பழக்குங்கள். அந்த ஒரு வரியைக் கேட்கக் கூச்சப்பட்டு எக்கி எக்கிப் பேசிய பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

நடுவில் மறந்துவிட்டால்?

மறக்கும். நாக்கைக் கடிப்பதும், ஆரம்பத்திலிருந்து மறுபடி தொடங்குவதும் வேண்டாம். கடைசியாகச் சொன்ன வாக்கியத்தை இன்னொரு முறை நிதானமாகச் சொல்லட்டும், கேட்பவர்கள் அதை அழுத்தம் என்றே எடுத்துக்கொள்வார்கள். அப்போதும் வரவில்லையென்றால் அடுத்த நிறுத்தத்துக்குப் போய்விடலாம். ரயில் மறந்தால் குழி. இதையும் வீட்டில் பழக்கலாம். பேசிக்கொண்டிருக்கும்போது நீங்கள் திடீரென்று "நிறுத்து, குழி!" என்றால் அங்கிருந்து தொடர வேண்டும். பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டு ரொம்பப் பிடிக்கும்.

சீட்டு எடுத்துப் பேசும் போட்டியிலும் இதே உத்திதான். கிடைக்கும் சில நிமிடங்களில் வாக்கியம் எழுத முயலாமல், நான் பார்த்தது, பெரியவர் சொன்னது, நான் கேட்டுக்கொள்வது என்று மூன்று நிறுத்தங்களை மட்டும் குறித்துக்கொள்ளட்டும்.

போட்டி நாள்

காலையில் வழக்கமான இட்லி. குளிர்ந்த தண்ணீரும் வழியில் ஐஸ்கிரீமும் வேண்டாம். அடையாள அட்டை, பள்ளிக் கடிதம், வெந்நீர் ஃபிளாஸ்க் பையில் இருக்கட்டும். அக்டோபர், நவம்பர் போட்டியென்றால் மழையையும் வண்டி நெரிசலையும் கணக்கில் வைத்து முன்னதாகவே கிளம்புங்கள். முடிந்தால் மெட்ரோ. அரங்க வாசலில் நின்றுகொண்டு "ஒரு தடவை சொல்லு பாப்போம்" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஐந்து நிறுத்தங்களின் பெயரைக் கேளுங்கள், போதும்.

முடிவு அறிவித்த பிறகு நடுவர்கள் கிளம்புமுன் பிள்ளையே போய், "ஐயா, நான் எதைத் திருத்திக்கணும்?" அல்லது "அம்மா, என் பேச்சுல எது சரியா வரல?" என்று கேட்கட்டும். பெரும்பாலான நடுவர்கள் நின்று பதில் சொல்வார்கள். சொன்னதை அன்று இரவே பேச்சுத் தாளின் பின்பக்கத்தில் தேதியோடு எழுதி ஒரு ஃபைலில் போட்டுவையுங்கள். அடுத்த ஜூன் முதல் தலைப்புகள் மறுபடி வரத் தொடங்கும்.