ஃப்ளோரைடு அளவைப் புரியவைத்தது எப்படி: என் அனுபவம்

பென்னாகரம் பக்கம் ஒரு கிராமத்தில் ஆழ்குழாய்த் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்ற பரிசோதனை முடிவை மக்களுக்கு விளக்க வேண்டியிருந்தது. அட்டவணை ஒட்டினோம், கூட்டம் போட்டோம். எல்லோரும் தலையாட்டிவிட்டு அதே குழாயில்தான் குடிக்கப் பிடித்தார்கள்.

எழுத்தைப் பெரிதாக்கினேன். குடிநீரில் ஃப்ளோரைடுக்கான வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம், அதைத் தாண்டியதற்கெல்லாம் சிவப்பு அடித்தேன். ஃப்ளோரைடால் வரும் பற்கறைப் படம்கூடச் சேர்த்தேன். ம்ஹூம்.

ஒரு பாட்டிதான் கேட்டார்: "இது வெறும் 2.8 தானே கண்ணு? பக்கத்துல 900 இருக்கே, அதுதானே ஜாஸ்தி?" 2.8 ஃப்ளோரைடின் அளவு, அந்த 900 கரைந்த உப்புகளின் மொத்த அளவு. அதன் பக்கத்தில் நின்றதால் 2.8 யார் கண்ணிலும் பெரிதாகப் படவில்லை! எண்ணைப் பார்த்தார்கள், வரம்பை யாரும் பார்க்கவில்லை.

அட்டவணையையே கிழித்துவிட்டு, குழாய் மேடையில் பெயிண்டில் எழுதினோம்: "குளிக்க, துவைக்க மட்டும். குடிக்க, சமைக்க ஒகேனக்கல் தண்ணீர்."

"காய்ச்சினா போயிடாதா?" என்பது மட்டும் பாக்கி. உப்புத் தண்ணீரைப் பாதியாகச் சுண்டவைத்து, ஆறியதும் நாக்கில் வைக்கச் சொன்னேன். முன்பைவிடக் கரித்தது. ஃப்ளோரைடும் அப்படித்தான், கொதித்தால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். அதன்பிறகு அந்தக் கேள்வி வரவில்லை, குடிக்க அந்தக் குழாயில் யாரும் பிடிப்பதுமில்லை. சாதாரணச் சுண்ணாம்பில் எழுதாதீர்கள், மேடையில் வழியும் தண்ணீரில் கரைந்துவிடும்.