சாவிய யாரு கையில குடுத்தீங்க? வீடியோ டிஆர்எம்ல நம்மாளுக பண்ற தப்புக

மதுரை அண்ணாநகர்ல போட்டித் தேர்வு கோச்சிங் நடத்துற சார் ஒருத்தர் ராத்திரி பதினோரு மணிக்கு போன் பண்ணாரு. "தம்பி, நம்ம கிளாஸ் வீடியோ பூராம் ஏதோ குரூப்ல ஓடுதாம்ப்பா, நம்ம பையன் ஒருத்தன்தான் அனுப்பிவிட்டான்"னு சொல்றப்பவே குரல் உடைஞ்சு போச்சு. ரெண்டு வருசமா மொட்டமாடியில தகரம் போட்டு, ஃபேன் சத்தம் மைக்ல விழுதுன்னு ஃபேன நிறுத்திட்டு வேர்க்க வேர்க்க எடுத்த கிளாஸு அது. "என்கிரிப்ட் பண்ணித்தான வச்சிருக்கோம், ஆப் செஞ்சு குடுத்தவங்க டிஆர்எம் இருக்குன்னு சொன்னாங்களே"ன்னு அதையே திரும்பத் திரும்ப கேட்டாரு. என்கிரிப்ட்னா ஃபைல பூட்டி வைக்கிறது, டிஆர்எம்னா காசு கட்டுனவங்க மட்டும் பாக்குற மாதிரி வீடியோவ காபந்து பண்ற ஏற்பாடு.

மறுநாள் வெள்ளன போயி அவரு லேப்டாப்லயே கோர்ஸ் பக்கத்த தொறந்து, எஃப்12 தட்டி, பிரவுசர் என்னென்ன எறக்குதுன்னு காட்டுற நெட்வொர்க் டேப்ல பாத்தோம். வீடியோ ஓட ஆரம்பிச்சதும் மொதல்ல ஒரு எம்3யூ8 ஃபைல் எறங்குது, அதுதான் வீடியோத் துண்டு எல்லாம் எந்த வரிசையில வரணும்னு சொல்ற பட்டியல். அதுக்குள்ள ஒரு வரியில ஏஇஎஸ்-128னு பூட்டு முறையோட பேரப் போட்டு, பக்கத்துலயே சாவிக்கான லிங்க். அந்த லிங்க காப்பி பண்ணி லாகின் பண்ணாத வேற பிரவுசர்ல போட்டேன், டக்குன்னு எறங்கிருச்சு. சைஸ் 16 பைட். "சார், இந்தப் பதினாறு பைட்டுதான் உங்க ரெண்டு வருச உழைப்போட சாவி, கேக்குற எல்லாத்துக்கும் குடுத்துக்கிட்டு இருக்கு"ன்னு காட்டுனேன். கொஞ்ச நேரம் அவரு பேசவே இல்ல.

இதுதான் நான் பாக்குறதுலயே பெரிய தப்பு, என்கிரிப்ஷனும் டிஆர்எம்மும் ஒண்ணுன்னு நெனைக்கிறது. ஏஇஎஸ்-128 பூட்டு உலகத்தரமான பூட்டுதான், அத நேரா உடைக்க யாராலயும் முடியாது. ஆனா டிஆர்எம்ங்கிறது பூட்டப் பத்தின சோலியே இல்ல, சாவி யாரு கைக்கு, எந்த போனுக்கு, எம்புட்டு நேரத்துக்கு போகுதுங்கிறதப் பத்தின சோலி. உண்மையான டிஆர்எம்ல பிளேயர்ல பிளே அமுக்குனதும், போனுக்குள்ள இருக்க டிஆர்எம் பகுதி ஒரு கோரிக்கைய தயார் பண்ணி லைசென்ஸ் சர்வருக்கு அனுப்பும். சர்வர் இவன் காசு கட்டுனவனா, இந்த போன நம்பலாமான்னு பாத்துட்டு, சாவிய அந்த போன் மட்டும் பிரிக்கிற மாதிரி பொதிஞ்சு, கூடவே எத்தன மணி நேரம் செல்லும், டிவிக்கு அனுப்பலாமாங்கிற விதியயும் சேத்து திருப்பி அனுப்பும். நம்ம ஆப்போட கோடுக்கே அந்தச் சாவி கண்ணுல படாது. எஃப்12 தட்டிப் பாத்தாலும் புரியாத பைட்டுகதான் தெரியும்.

இதுல மூணு கம்பெனி சரக்குதான் உலகம் பூராம் பெரும்பாலும் ஓடுது. ஆண்ட்ராய்டு, குரோம்னா கூகுளோட வைட்வைன் (2010ல வாங்குனாங்க), ஐபோன், சஃபாரின்னா ஆப்பிளோட ஃபேர்பிளே, விண்டோஸ் பக்கமும் நெறைய டிவிலயும் மைக்ரோசாஃப்டோட பிளேரெடி. அப்ப மூணு தடவ என்கிரிப்ட் பண்ணணுமான்னு பயந்து, ஆண்ட்ராய்டுக்கு மட்டும் போட்டுட்டு ஐபோனுக்கு பழைய எம்3யூ8லயே விட்டுடுறாங்க. திருடுறவன் எந்தக் கதவு தொறந்திருக்கோ அது வழியாத்தான வருவான். காமன் என்கிரிப்ஷன்னு ஒரு தரம் இருக்கு, அதுல சிபிசிஎஸ் முறையில ஒரே தடவ பூட்டுனா புது டிவைஸ்ல மூணு டிஆர்எம்முமே அந்த ஒரே ஃபைல திறக்கும், பழைய ஆண்ட்ராய்டு டிவி, பழைய போன் இருந்தா மட்டும் சிஇஎன்சி முறையில இன்னொரு காப்பி வேணும். ஃபேர்பிளேக்கு ஆப்பிள்ட்ட தனியா விண்ணப்பம் போட்டு சர்டிஃபிகேட் வாங்கணும், அத லாஞ்சுக்கு மொத வாரம் போட்டுட்டு உக்காந்து தவிக்காதீங்க, வெரசா போட்டு வைங்க.

அடுத்த தப்பு லைசென்ஸ் சர்வர் வாசல்ல. டிஆர்எம் சேவைய காசு குடுத்து வாங்கி, அவங்க குடுத்த லைசென்ஸ் லிங்க அப்பிடியே ஆப்புல ஒட்டிட்டு, இவன் காசு கட்டுனானாங்கிற சோதனைய ஆப்புக்குள்ளயே வச்சிடுறாங்க. ஆப்ப பிரிச்சுப் பாக்குறவனுக்கு அந்த சோதனை இருக்கதும் ஒண்ணுதான் இல்லாததும் ஒண்ணுதான். சோதனை உங்க சர்வர்லதான் நடக்கணும், அது ஒரு டோக்கன் குடுக்கணும், அந்த டோக்கன்ல யாரு, எந்த வீடியோ, எத்தன நிமிசம்னு மூணும் இருக்கணும். ஒரு வருசம் செல்ற டோக்கன் குடுத்தா ஒருத்தன் வாங்கி ஊருக்கே பகுந்து குடுப்பான், அஞ்சு பத்து நிமிசம் போதும், லைசென்ஸ் வாங்க அம்புட்டு நேரமே ஜாஸ்தி.

இப்ப நான் ரொம்ப மெனக்கெட்டு சொல்ல வேண்டிய எடத்துக்கு வந்துட்டேன். எல்லா குவாலிட்டிக்கும் ஒரே சாவி போடுறது. வைட்வைன்ல எல்1, எல்2, எல்3னு நிலை இருக்கு. எல்1ன்னா சாவி பிரிக்கிறது, படத்த டிகோட் பண்றது ரெண்டும் போன் சிப்புக்குள்ள தனியா பிரிச்சு வச்ச பத்திரமான பகுதியில நடக்கும், ஆண்ட்ராய்டே எட்டிப் பாக்க முடியாது. எல்3ன்னா எல்லாமே சாஃப்ட்வேர்தான், அத உடைச்சுட்டதா 2019லயே ஒரு ஆராய்ச்சியாளர் வெளிய சொல்லிட்டாரு. அப்ப 480பிக்கும் 1080பிக்கும் ஒரே சாவின்னு வச்சா, எல்3 போன்லருந்து சின்னப் படத்துக்குன்னு எடுத்த சாவியே பெரிய படத்தயும் தொறந்துரும். பெரிய ஓடிடிகள்ல எல்3 போனுக்கு எஸ்டியோட, அதாவது சின்னப் படத்தோட நிறுத்துறது இதுக்குத்தான். எஸ்டிக்கு ஒரு சாவி, ஹெச்டிக்கு ஒண்ணு, ஆடியோவுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா போட்டு, ஹெச்டி சாவிய எல்1 போனுக்கு மட்டும் குடுங்க.

இதக் கேட்டுட்டு சார் ஆவேசமா, அப்ப எல்3 போனே வேணாம்ப்பா, எல்1 மட்டும் விடுன்னாரு. வேணாம்னு சொல்லியும் கேக்கல, ஒரு நாள் விட்டுப் பாத்தோம். மத்தியானத்துக்குள்ள உசிலம்பட்டி, பேரையூர், மேலூர்னு போன் வந்துக்கிட்டே இருக்கு. அண்ணன் போட்டுட்டுப் போன பழைய போன்ல படிக்கிற புள்ளைக, பூக் கட்டிக்கிட்டே காதுல மாட்டிக் கேக்குற அக்காக்க, எல்லாம் எரர்ல நிக்கிறாங்க. ஒரு பொண்ணு, "சார், பீஸ் கட்டித்தான இருக்கேன்"னு கேட்டுச்சு. அன்னைக்கு சாயங்காலமே மாத்திட்டோம். போர்டுல எழுதுன எழுத்து 480பில தெளிவா தெரியும், அவங்களுக்கு அது போதும். திருடன விட காசு கட்டுனவங்களுக்கு கஷ்டம் குடுக்குற டிஆர்எம் தப்பான டிஆர்எம், இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது.

ஆடியோவ விட்டுடுறது இன்னொண்ணு. வீடியோவ மட்டும் பூட்டிட்டு ஆடியோ டிராக்க அப்பிடியே விடுற பழக்கம் இருக்கு. நாயனம், தவில், நாட்டுப்புறப் பாட்டு, இசை நாடகம் இதெல்லாம் ரெக்கார்ட் பண்ணி ஏத்துறவங்க நம்ம பக்கம் இப்ப நெறைய இருக்காங்க, அவங்க சொத்தே சத்தம்தான். விடிய விடிய ஆர்மோனியத்துக்கு ஈடு குடுத்துப் பாடுன மனுசனோட குரல் பூட்டில்லாம தனி ஃபைலா கெடக்கும், படம் மட்டும் பத்திரமா இருக்கும். கோச்சிங்குக்கும் இதே கததான், கிளாஸ்ல முக்காவாசி பேச்சுதான.

மூல ஃபைலயும் பாருங்க. எல்லாம் ஒழுங்கா பூட்டிட்டு, எடிட்டர் ஏத்துன ஒரிஜினல் எம்பி4ய யாரு வேணாலும் திறக்குற மாதிரி கிளவுட்ல விட்டிருப்பாங்க. ஃபைல் பேரு வேற பாடம்1, பாடம்2, பாடம்3. ஒண்ணு கெடச்சா எல்லாம் கெடச்சுரும்.

ஸ்கிரீன் ரெக்கார்டிங்க டிஆர்எம் முழுசா தடுத்துரும்னு நம்புறவங்களும் இருக்காங்க. ஆண்ட்ராய்டு ஆப்புல செக்யூர் ஃபிளாக் போட்டா ஸ்கிரீன்ஷாட்ல கறுப்பா வரும், எல்1 போன்ல படமும் சிக்காது. கம்ப்யூட்டர்ல குரோம் பெரும்பாலும் எல்3லதான் ஓடுது, அங்க ரெக்கார்ட் பண்ண முடியும். அதெல்லாம் போக, இன்னொரு போன எதிர்ல நிறுத்தி எடுக்குறத எந்த டிஆர்எம்மும் தடுக்காது. அதுக்கு வாட்டர்மார்க்தான் வழி, யாருக்குப் போன வீடியோன்னு காட்டுற அடையாளம். ஆனா மாணவரோட முழு போன் நம்பர திரையில ஓட விடாதீங்க, லீக் ஆனா அந்தப் பொம்பளப் புள்ள நம்பர் ஊரு பூராம் போகும், லாகின் வேற எவனாச்சும் திருடியிருந்தா தப்பே பண்ணாத புள்ள மாட்டும். ஒரு ஐடி நம்பர் ஓடட்டும், அது யாருன்னு உங்களுக்கு மட்டும் தெரிஞ்சா போதும், எடத்த மாத்தி மாத்தி ஓட விடுங்க, ஓரத்துல நின்னா வெட்டி எறிஞ்சுருவான். காசு இருந்தா கண்ணுக்குத் தெரியாத ஃபாரன்சிக் வாட்டர்மார்க் இருக்கு, ஒவ்வொரு துண்டுக்கும் ரெண்டு வகை தயார் பண்ணி ஒவ்வொருத்தருக்கும் வேற வேற வரிசையில கோத்து அனுப்புவாங்க, அந்த வரிசைய வச்சே ஆளக் கண்டுபிடிக்கலாம்.

டவுன்லோட் விசயத்துல ரெண்டு பக்கமும் தப்பு நடக்குது. காலாவதியே இல்லாம லைசென்ஸ் குடுக்குறது ஒண்ணு, ஒரு மணி நேரத்துல முடியிற மாதிரி குடுக்குறது ஒண்ணு. ஆண்டிபட்டி கணவாய்ல சிக்னல் போயி பஸ்ஸுல பாடம் நின்னா அந்தப் பையன் என்ன செய்வான். எறக்குனதுக்கு அப்புறம் இத்தன நாள், பாக்க ஆரம்பிச்சா இத்தன மணி நேரம்னு ரெண்டு கணக்கும் தனித்தனியா வைக்கலாம், நாங்க 15 நாளும் 48 மணி நேரமும் வச்சோம்.

பாக்குறவங்க பக்கமும் சிலது உண்டு. போன ரூட் பண்ணி சிஸ்டத்தோட முழு அதிகாரத்த எடுத்தாலோ, போன் ஆன் ஆகுறப்ப மொதல்ல ஓடுற பூட்லோடரோட பூட்டத் தொறந்தாலோ பல மாடல்ல எல்1 போயி எல்3 ஆயிரும், அப்பறம் ஹெச்டி வரலன்னு ஆப்பத் திட்டி பிரயோசனம் இல்ல. போன்ல தேதி நேரம் தப்பா இருந்தா லைசென்ஸ் காலாவதின்னு நெனச்சுக்கும். ஃபயர்ஃபாக்ஸ்ல டிஆர்எம் அனுமதி டிக் போட்டிருக்கணும். டிவில 4கே வரணும்னா ஹெச்டிஎம்ஐ வழியில இருக்க எல்லாத்துக்கும் ஹெச்டிசிபி 2.2ங்கிற காப்பித் தடுப்பு வேணும், நடுவுல ஒரு பழைய பொட்டி இருந்தாலும் கறுப்புத் திரையோ கொறஞ்ச குவாலிட்டியோதான் வரும்.

சட்டமும் தெரிஞ்சு வைங்க. காப்பிரைட் சட்டத்துல 2012ல 65ஏ பிரிவச் சேத்தாங்க, உரிமைய மீறணும்ங்கிற நோக்கத்தோட இந்த மாதிரி தடுப்ப உடைச்சா 2 வருசம் வரைக்கும் ஜெயில், அபராதமும் உண்டு. அதுக்காக சார் போலீசுக்குப் போகல, அனுப்புன பையன் படிக்கிற பையன்னு விட்டுட்டாரு.

எல்லாம் மாத்தி முடிக்க எங்களுக்கு மூணு வாரம் ஆச்சு. கடைசி நாள் சார் லேப்டாப்ல, லாகின் பண்ணாம, பழைய சாவி லிங்கயும் புது லைசென்ஸ் லிங்கயும் அவரே போட்டுப் பாத்தாரு. ஒண்ணு 404, அப்பிடி ஒண்ணே இல்லன்னுச்சு, இன்னொண்ணு 403, அனுமதி இல்லன்னுச்சு. அப்பறம் மேலூர் பையன் ஒருத்தனோட எல்3 போன வாங்கி பிளே அமுக்குனாரு, ரெண்டு நொடியில பாடம் ஓடுச்சு. போன திருப்பிக் குடுத்துட்டு, ஃபேன நிறுத்திட்டு அடுத்த கிளாஸ் எடுக்க மாடிக்குப் போயிட்டாரு.