வேகச் சம்மனும் என்சிடியும் (கிளேம் போடாதவருக்கு இன்சூரன்சில் கிடைக்கும் கழிவு): என் கவுண்டரில் நான் சொல்லிக் கொடுப்பது

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் 20 வருடத்துக்கு மேலாக வண்டி இன்சூரன்சும் சாலை வரியும் புதுப்பித்துக் கொடுக்கிறேன். போன மாதம் ஒரு தம்பி வந்தார். செம்பனை லோரி ஓட்டுகிறவர். அவருடைய சொந்த மைவி காருக்கு மறுநாள் சாலை வரி முடிகிறது. எண்ணைத் தட்டினேன், கறுப்புப் பட்டியல். ஐந்து சம்மன் (போக்குவரத்து அபராத நோட்டீஸ்), ஐந்தும் வேகம்.

“ஒரு லெட்டர்கூட வரலையே அக்கா” என்றார்.

கிராண்டை, அதாவது வண்டியின் பதிவு அட்டையை, வாங்கிப் பார்த்தேன். முகவரியில் அவர் பிறந்த தோட்டத்து லயத்தின் வீட்டு எண் இருந்தது. அந்த லயத்தை இடித்துவிட்டார்கள், இப்போது அங்கே செம்பனைக் கன்று நிற்கிறது. அவர் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) குடியேறி ஆறு வருடமாகிறது. கடிதங்கள் தோட்டத்து ஆபீசுக்குப் போய், கிராணியின் (எழுத்தரின்) மேசையில் ரப்பர் பேண்ட் போட்ட கட்டாகக் கிடந்தன. கொண்டுவந்து காட்டினார். மேல் உறையில் ஈரம் பட்டு அவர் பெயரே பாதி அழிந்திருந்தது.

அதனால் வேகச் சம்மன் பற்றிக் கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது முகவரியைத்தான். தோட்டத்தை விட்டு வந்தவர்களில் நிறையப் பேர் அடையாள அட்டையில் முகவரியை மாற்றுவார்கள், ஜேபிஜேயில், அதாவது சாலைப் போக்குவரத்து இலாகாவில், மாற்ற மாட்டார்கள். வண்டிக்கும் லைசென்சுக்கும் அங்கே தனியாக மாற்ற வேண்டும்.

கடிதத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். சம்பளம் வந்த அன்றும் மாத நடுவிலும் இரண்டு இடத்தில் பாருங்கள். போலீஸ் சம்மனுக்கு மைபாயார் பிடிஆர்எம் செயலி, ஜேபிஜே சம்மனுக்கு மைஜேபிஜே செயலி. இரண்டும் வேறு வேறு. ஒன்றில் ஒன்றும் இல்லை என்பதால் மற்றதிலும் இல்லை என்று ஆகாது. போனுக்கு “உங்கள் சம்மன்” என்று ஒரு ஃபைல் வந்தால் திறக்காதீர்கள். ஏபிகே என்று முடியும் ஃபைல் என்றால் வங்கிப் பணத்துக்கே வலை. செயலிக்குள் நீங்களாகப் போய்ப் பார்ப்பதுதான் சரி.

ஏன் இவ்வளவு அடிக்கடி என்றால், 2026 ஜனவரி 1 முதல் கணக்கு மாறிவிட்டது. முன்பெல்லாம் சம்மனைச் சேர்த்து வைத்து, ஆண்டுக் கடைசியில் தள்ளுபடி வரும்போது கட்டுவது நம் ஊர்ப் பழக்கம். இப்போது சீக்கிரம் கட்டினால்தான் கழிவு. 15 நாளுக்குள் கட்டினால் பாதி, 16 முதல் 30 நாளுக்குள் 33 விழுக்காடு கழிவு, அதன் பிறகு 60 நாள் வரை முழுத் தொகை. 60 நாள் தாண்டினால் நீதிமன்றம். 300 வெள்ளி (ரிங்கிட்) சம்மனை 150 வெள்ளியில் முடிக்க உங்களுக்கு இரண்டே வாரம்தான் இருக்கிறது. நீதிமன்றத்துக்குப் போனால் வேகக் குற்றத்துக்கு 2,000 வெள்ளி வரை அபராதம் போடலாம். ஒரு நாள் வேலையும் போய்விடும்.

கட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் நிதானமாகப் படியுங்கள். தேதி, நேரம், இடம், வண்டி எண், படம். வண்டி உங்களுடையதுதானா? அந்த நேரம் அந்த இடத்தில் இருந்தீர்களா? உங்கள் எண்ணை வேறு வண்டியில் ஒட்டிக்கொண்டு ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் கட்டாதீர்கள். உங்கள் வண்டியின் படத்தையும் கிராண்டையும் எடுத்துக்கொண்டு போக்குவரத்துப் போலீஸ் பிரிவுக்குப் போய் முறையிடுங்கள். கட்டிவிட்டால் விஷயம் அதோடு முடிந்தது.

வண்டி உங்கள் பெயரில், ஓட்டியது மகன் என்றால் அதையும் மறைக்க வேண்டாம். கேமரா படத்தோடு வரும் ‘போல் 170ஏ’ (POL 170A) என்ற போலீஸ் நோட்டீஸ், யார் ஓட்டினார் என்று உரிமையாளரைக் கேட்கிறது. 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 115ஆவது பிரிவின்படி பதில் சொல்ல வேண்டியது உங்கள் கடமை. வேகக் கேமரா சம்மனுக்கு கெஜாரா புள்ளியும், அதாவது குற்றத்துக்கு லைசென்சில் ஏறும் தண்டனைப் புள்ளியும், உண்டு. அது ஓட்டியவர் பெயரில்தான் ஏற வேண்டும். பி லைசென்ஸ் (புதிதாக ஓட்டுகிறவர்களின் தற்காலிக லைசென்ஸ்) வைத்திருக்கும் பிள்ளைகளுக்குப் புள்ளி சேர்ந்தால் லைசென்சே போய்விடும், அதனால் அவர்களுக்கு இதை உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

சம்போங் பாயாரில், அதாவது பெயரை மாற்றாமல் மீதித் தவணையை மற்றவர் கட்டும்படி, வண்டியைக் கைமாற்றிவிட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. கிராண்டில் உங்கள் பெயர் இருக்கிறவரை எந்த ஊரில் கேமரா மின்னினாலும் சம்மன் உங்களுக்குத்தான் வரும். இதில் அழுதுகொண்டு வந்த அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன்.

நம் பக்கத்து ஆட்கள் அதிகம் மாட்டுகிற இடம் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் உள்ள மெனோரா சுரங்கப்பாதை. கோலகங்சாரிலிருந்து 110இல் வருகிறோம், மலைப் பகுதியில் வேக வரம்பு 80 ஆகிறது. ஜெலாப்பாங் பக்கம் இறக்கத்தில் கால் வைக்காமலே வண்டி ஓடும். கியரைக் குறைத்துவிட்டு இறங்குங்கள். பழைய சாலையில் பொதுவாக 90, ஆனால் பெருநாள் காலத்தில் 80 ஆக இறக்குவார்கள். பெருநாளுக்கு ஊர் வருகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

சரி, இன்சூரன்சுக்கு வருவோம். “சம்மன் விழுந்தா இன்சூரன்ஸ் ஏறுமாக்கா?” என்று கேட்காத ஆள் இல்லை. சம்மனால் என்சிடி குறையாது. கிளேம் போட்டால்தான் குறையும். தனியார் காருக்கு என்சிடி 25, 30, 38.33, 45, 55 விழுக்காடு என்று வருடத்துக்கு ஒரு படி ஏறும். ஐந்து வருடம் ஏறியதை ஒரே கிளேம் பூஜ்யத்துக்கு இறக்கிவிடும்.

இதை நான் அனுபவித்தே கற்றேன். கோயில் திருவிழா அன்று ரிவர்ஸ் எடுக்கும்போது சிமெண்டுத் தூணில் இடித்தேன். பம்பரும் பின் கதவும் நசுங்கின. பட்டறைக்காரர் 900 வெள்ளி என்றார், “கிளேம் போட்ருங்க” என்றும் சொன்னார். போட்டேன். அப்போது என் வண்டிக்கு என்சிடி கழிப்பதற்கு முன் பிரீமியம் 1,200 வெள்ளி. 55 விழுக்காட்டில் 540தான் கட்டிக்கொண்டிருந்தேன். கிளேமுக்குப் பிறகு வருடாவருடம் 1,200, 900, 840, 740, 660. ஐந்து வருடத்துக்கு 4,340. பேசாமல் கைக்காசில் செய்திருந்தால் பிரீமியம் 2,700தான். 900 வெள்ளி வேலைக்காகப் பிரீமியத்தில் 1,640 வெள்ளி கூடுதலாகக் கட்டினேன். அன்றிலிருந்து யார் கிளேம் போட வந்தாலும் கிளேம் படிவத்தை எடுப்பதற்கு முன் கால்குலேட்டரை அவர்கள் பக்கம் திருப்பிவைக்கிறேன்.

பெரிய சேதம் என்றால் கிளேம் போடத்தான் வேண்டும், அதற்காகத்தானே கட்டுகிறோம். முன் கண்ணாடிக்குத் தனியாகச் சேர்த்திருந்தால் அந்தக் கிளேம் என்சிடியைத் தொடாது. லோரிகளின் பின்னால் கல் தெறிக்கிற சாலையில் ஓடுகிறவர்கள் அதை அவசியம் சேருங்கள். 2017 ஜூலையிலிருந்து நிறுவனங்கள் தாங்களே விலை வைக்கின்றன, அதனால் ஒரே வண்டிக்கு மூன்று இடத்தில் கேளுங்கள். என்சிடி எவ்வளவு என்று மைகார்இன்ஃபோ இணையத்தளத்தில் நீங்களே பார்க்கலாம். காரை விற்றால் அந்த என்சிடியை அடுத்த காருக்கு மாற்றிக்கொள்ளலாம், அது உங்களுடையது.

வேகமும் இன்சூரன்சும் ஒன்றாக வந்து நிற்பது விபத்தில்தான். 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும். விசாரணையில் தவறு எதிராளியுடையது என்று வந்தால், உங்கள் இன்சூரன்ஸ் நிறுவனத்திலேயே ‘ஓடி-கேஎஃப்கே’ (OD-KFK) என்ற முறையில் உங்கள் வண்டிச் சேதத்துக்குக் கிளேம் போடலாம், என்சிடி அப்படியே இருக்கும். தவறு உங்களுடையது என்று வந்தால் சம்மனும் உங்களுக்கு, எதிராளியின் சேதமும் உங்கள் பாலிசியில், என்சிடியும் பூஜ்யம். அதனால் வண்டிகளை நகர்த்துவதற்கு முன் சாலைக்கோடு தெரியும்படி நான்கு பக்கமும் படம் எடுங்கள், எதிர் வண்டியின் எண் தெரிகிற மாதிரி ஒன்று. போலீசுக்கு முன்னால் இழுவை லோரிக்காரர் வந்து நிற்பார். அவர் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் பாலிசியில் உள்ள உதவி எண்ணுக்கு அடியுங்கள், அவர்கள் அனுப்பும் லோரி வரும்வரை வண்டியை விட்டு நகராதீர்கள்.