திருவிருந்துக்கு முந்தின ராத்திரி: மனத்தாங்கலை எடை போடுவது எப்படி

பெரம்பூரில் எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, அப்பமும் திராட்சரசமும் வாங்க முன்னால் எழுந்து போகும் நாள். ஒன்றரை வருஷமாக அந்த ஞாயிறுகளில் நான் எழுந்து போகவில்லை. முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டேன். அம்மாவின் அயனாவரம் வீடு விஷயமாக சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் அண்ணன் என்னிடம் கையெழுத்து வாங்கியிருந்தார். “சும்மா லோனுக்குத்தாம்மா” என்றார். அது ரிலீஸ் டீட், என் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம் என்று தெரிந்தது, வீடு கைமாறின பிறகு.

என்னைப் போல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டவர்களுக்காக, நான் செய்து பார்த்ததை எழுதுகிறேன்.

முதலில், மன்னிக்க அவசரப்படாதீர்கள். “ஜெபம் பண்ணுங்க, மறந்துடுங்க” என்பார்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில். வேதத்தில் அப்போஸ்தலர் பவுல் அப்படிச் சொல்லவில்லை. “கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள்” என்கிறார். ஜோசப் பட்லர் என்ற ஆங்கிலேய குருவானவர் லண்டன் ரோல்ஸ் சிற்றாலயத்தில் செய்த பிரசங்கங்கள் 1726-ல் அச்சாயின. நீதிமன்றப் பத்திரங்களை வைத்திருந்த இடம் அது. நல்ல கடவுள் மனுஷனுக்குள் ஏன் இந்தக் கோபம் என்ற உணர்ச்சியை வைத்தார் என்று கேட்டு, அநியாயத்துக்கு எதிரான காவலாக வைத்தார் என்று பதிலும் சொல்கிறார். யாருக்கோ நடந்த கொடுமையைக் கேட்டாலும் நமக்குக் கொதிக்கிறதே, அதுதான் அவர் காட்டும் அத்தாட்சி. ஆகவே முதல் சோதனை: இதே காரியம் எதிர்வீட்டு அக்காவுக்கு நடந்திருந்தால் உங்களுக்குக் கோபம் வருமா? எனக்கு வந்திருக்கும்.

அடுத்தது நோட்டு. சனிக்கிழமை ராத்திரி, சாப்பாடு முடிந்தபின் உட்காருங்கள். பசியோடு எழுதினால் எல்லாரும் குற்றவாளிதான். நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் நடந்தது, வலப்பக்கம் நான் சேர்த்தது. எனக்கு இடப்பக்கம் மூன்று வரி. வலப்பக்கம் ஒன்றரைப் பக்கம்: அண்ணியின் தூண்டுதல், சின்ன வயசில் அவருக்கு மட்டும் அவித்த முட்டை, எல்லாம். இல்லாத தீங்கைக் கற்பிப்பது, இருப்பதை ஊதிப் பெரிதாக்குவது என்று பட்லர் பட்டியல் போட்டது அங்கே அப்படியே இருந்தது.

ஒரு வரி மட்டும் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று தெரியாமல் அரை மணி நேரம் திணறினேன். கையெழுத்து போட்ட அன்று ஃபேன் காற்றில் பத்திரம் பறக்காமல் அண்ணன் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டிருந்தார். தலைப்பு அந்தக் கைக்குக் கீழே இருந்தது. கை இருந்தது, இடப்பக்கம். மறைக்கத்தான் வைத்தார், வலப்பக்கம். அந்த வரியை இரண்டாக உடைத்தபிறகுதான் எனக்கு மூச்சு சீரானது.

பிறகு மத்தேயு 18:15. தனியாகப் போய்ச் சொல்லுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அல்ல. (அடி, மிரட்டல் இருக்கும் வீடென்றால் இதைச் செய்யாதீர்கள், பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் பண்ணுங்கள்.) இடப்பக்கத்து வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன்.

“அண்ணே, அது என்ன பத்திரம்னு நீங்க எங்கிட்ட சொல்லலையே.”

“நீ கேக்கலையேம்மா.”

அவ்வளவுதான். காப்பி வந்தது, குடித்துவிட்டு வந்தேன்.

அறிவு கொண்டுபோய் விடுவது அந்த வாசல் வரைக்கும்தான். அதற்குமேல் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளாமல் இருக்க ஒரு கேள்வி வேண்டும். கிறிஸ்தவ ஒழுக்கமே பலவீனரின் வன்மத்தில் முளைத்தது என்று 1887-ல் ஜெர்மன் தத்துவஞானி நீட்சே எழுதினார். முழுக்க ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் “கர்த்தர் பார்த்துக்குவார்” என்று நான் சொன்ன நாளெல்லாம், அண்ணனுக்கு ஏதாவது ஆகட்டும் என்று உள்ளே ஒருத்தி காத்துக்கொண்டிருந்தாள். “பழிவாங்குதல் எனக்குரியது” என்ற வசனத்தை ஆண்டவருக்குக் கொடுத்த ஆர்டராக வைத்திருந்தேன். உங்களிடமும் அவள் இருக்கிறாளா, பாருங்கள். இருந்தால் அதையே ஜெபத்தில் சொல்லுங்கள், நயமாக்காமல்.

முப்பது வருஷம் கணக்கெழுதினவள் நான். கர்த்தருடைய ஜெபத்தில் “எங்கள் கடனாளிகளுக்கு” என்று வருகிறதல்லவா? வராக்கடனைத் தள்ளுபடி செய்ய, முதலில் தொகையைச் சரியாக எழுதியிருக்க வேண்டும். ஒன்றுமே நடக்கவில்லை என்று கணக்கை அழிப்பது தள்ளுபடி ஆகாது. எனக்கு அந்த மூன்று வரிதான் தொகை. அதைச் சொல்லி ஜெபித்துவிட்டு, அடுத்த முதல் ஞாயிறு எழுந்து போனேன். முழங்கால் நிஜமாகவே கொஞ்சம் வலித்தது.

தீங்கின்மேல் கோபமும் ஆள்மேல் நல்லெண்ணமும் ஒரே நெஞ்சில் இருக்கலாம் என்கிறார் பட்லர். பேத்தி ஞானஸ்நானத்துக்கு அண்ணன் போன வாரம் அழைத்தார். வெள்ளிக் கொலுசு வாங்கி வைத்திருக்கிறேன். அங்கே சாட்சிக் கையெழுத்து கேட்டாலும் கண்ணாடி போட்டு, முதல் வரியிலிருந்து படித்துவிட்டுத்தான் போடுவேன்.